பெயர் மாறிற்று, தெரு மாறிற்றா?

எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம். நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதுக. வலப்பக்க மேல் மூலையில் உன் முகவரியைக் குறிப்பிடுக என்று பணித்தோம். ஏடுகளைத் திருத்தும்போது ஒன்று நம் கையை நிறுத்திற்று. கடிதத்தில் பிழையில்லை, கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. ஆனால், வீட்டு முகவரி இருக்கவேண்டிய இடத்தில் பள்ளியின் முகவரி இருந்தது. மாணவனை அழைத்துக் கேட்டோம். தலை குனிந்தபடியே சொன்னான்: "எங்க ஏரியா பேரைச் சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க, சார்." எந்த ஊர் தம்பி என்றோம். "கண்ணகி நகர்" என்றான்.

கண்ணகி நகர்! சிலம்பின் தலைவி பெயர். வடமொழிக் கலப்பு அதில் இல்லை; ஆங்கில வாடை இல்லை; சாதியின் வால் இல்லை. தமிழுணர்ச்சி உள்ள எவரும் விரும்பிச் சூட்டக்கூடிய பெயர் அது. அந்தப் பெயரை எழுதத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் கூசுகிறான்! நல்ல பெயர் வைத்துவிட்டால் நாடு நலம் பெறும் என்று நம்பிவந்த நம் நெஞ்சில் அன்று ஒரு முள் தைத்தது. அந்த முள்ளை எடுத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

பெயர் மாற்றம் வீண் வேலை என்று கூறுவோர் அணியில் நாம் சேரப்போவதில்லை. பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்று அவர்கள் கேட்பார்கள். 1956 ஜூலை 27-ஆம் நாள் விருதுநகரில் உண்ணா நோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனாரை அவர்கள் அறிந்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். வயிறு நிறைய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வயிற்றைக் காயவைத்துத் தாய்நாட்டுக்குப் பெயர் கேட்டார். 75 நாட்களுக்கும் மேலாகப் பட்டினி கிடந்து, அக்டோபர் 13-ஆம் நாள் உயிர் நீத்தார். 1967 ஜூலை 18-இல், அண்ணா முதலமைச்சராய் இருந்தபோது, சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளன்று, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. ஒரு முதியவர் உயிரைக் கொடுத்துக் கேட்ட பொருளை வெறும் எழுத்து என்று ஒதுக்க நம்மால் இயலாது.

மாநிலத்தின் பெயர் மாறி 27 ஆண்டுகள் கழித்து, 1996-இல், தலைநகரின் பெயரும் மாறிற்று. மெட்ராஸ் என்பது எல்லா மொழிகளிலும் சென்னை ஆயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் பம்பாய் மும்பை ஆகியிருந்தது. 2001-இல் கல்கத்தா கொல்கத்தா ஆயிற்று. 2014-இல் பெங்களூர் பெங்களூரு ஆயிற்று. வெள்ளையன் சூட்டிய பெயரை வீழ்த்தித் தூய தமிழ்ப் பெயரை நிறுவினோம் என்று அன்று மேடைதோறும் முழங்கினர். முழக்கம் இனிது. ஆனால், வரலாறு அவ்வளவு எளிதாக ஒத்துழைக்க மறுக்கிறது. 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்குக் கடற்கரை நிலத்தை வழங்கியவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் அமைந்தது சென்னப்பட்டணம் என்பர். மதராசப்பட்டணமோ வெள்ளையன் கால் பதிக்கு முன்பே அங்கிருந்த ஊரின் பெயர். இரண்டும் ஒரே மணலில் முளைத்தவை. ஒன்றை அந்நியம் என்றும் மற்றொன்றைத் தூய்மை என்றும் பிரிப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று.

அப்படியானால் 1996-இல் நடந்தது தவறா? தவறன்று. தூய்மை அதன் காரணமன்று என்றே கூறுகிறோம். தமிழேடுகளும் தமிழ் மேடைகளும் நெடுங்காலமாகச் சென்னை என்றே வழங்கிவந்தன. ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர். கோப்பில் ஏறுவது முன்னது, வீட்டில் வழங்குவது பின்னது என்ற இரட்டை நிலை இருந்தது. அந்த நிலையில் தமிழ்ப் பெயர் வீட்டுப் பெயராகத் தாழ்ந்தும், ஆங்கிலப் பெயர் அலுவல் பெயராக உயர்ந்தும் நின்றன. அந்தத் தாழ்வை நீக்கியதே 1996-இன் வெற்றி. மக்கள் வழங்கிய பெயருக்கு அரசு இறங்கிவந்தது; அதனால்தான் அது நிலைத்தது.

எனினும் பழைய பெயர் ஓடிவிடவில்லை. உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் இன்றும் மெட்ராஸ் என்றே வழங்குகின்றன. அவை பெரிய இடங்கள். பழம் பெருமையை விட மனமில்லை என்று கொள்வோம். ஆனால், வடசென்னையின் உழைக்கும் மக்கள் வாழ்வைக் காட்டி, ஒரு சுவரை நடுவில் நிறுத்தி, பா. இரஞ்சித் 2014-இல் எடுத்த படத்துக்கும் மெட்ராஸ் என்பதே பெயர். சென்னை என்று பெயரிட்டு 18 ஆண்டுகள் சென்ற பின்னர், நகரின் அடித்தளத்து மக்களைப் பற்றிய படைப்பு பழைய பெயரைத் தேடி எடுத்திருக்கிறது. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த பாட்டன்மாரின் நினைவு மெட்ராஸ் என்ற சொல்லில் தங்கியிருக்கிறது. அதைத் தமிழ்ப்பற்று இன்மை என்று பழிப்பது பேதைமை. ஒரு நகரத்தின் பெயர் அரசாணையால் மாறலாம். அதில் வாழ்ந்தவர் பட்ட பாடும் பெற்ற உறவும் அரசாணையால் மாறுவதில்லை.

மக்கள் வாய்க்கு வராத பெயர் பலகையில் மட்டுமே வாழும். 2019-இல் சென்னை மத்திய இரயில் நிலையத்துக்கு எம்.ஜி.ஆரின் பெயர், பட்டத்தோடும் தலைப்பெழுத்துகளோடும் சூட்டப்பட்டது. ஆட்டோவில் ஏறுகிறவர் இன்றும் சென்ட்ரல் என்றே சொல்கிறார். நீதிக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர் பெயரால் அமைந்தது தியாகராய நகர், அது டி. நகராகச் சுருங்கி, தியாகராயர் ஓர் ஆங்கில எழுத்தாகிவிட்டார். கலைஞர் கருணாநிதி நகரும் கே.கே. நகர் ஆயிற்று. அதே தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் போகாத சென்னைவாசி அரியர். அந்தப் பாண்டி யார் என்று நம் வகுப்பில் கேட்டோம். பாண்டிச்சேரி என்றனர் பலர். அல்ல தம்பி, அவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் என்றோம். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானித்த மாநாடு அது. அத்தகையவர் பெயரால் அமைந்த கடைத்தெருவில் நாள்தோறும் ஆயிரமாயிரம் மக்கள் சேலை வாங்குகின்றனர், செருப்பு வாங்குகின்றனர், அவரை மட்டும் அறியாமலே திரும்புகின்றனர். இது மக்கள் குற்றமா? பலகை மாட்டினோம், பாடம் சொல்லவில்லை. குற்றம் நம்முடையது. ஆசிரியர் என்ற முறையில் அதில் நமக்கும் பங்குண்டு.

சரி, மக்கள் வாய்தான் இறுதி நீதிமன்றமா? அதையும் ஏற்பதற்கில்லை. இராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் அருகே, பக்கிங்காம் கால்வாயின் குறுக்கே ஒரு பாலம் உண்டு. ஆமில்டன் என்ற வெள்ளையர் பெயரால் அது அமைந்தது. அந்தப் பெயர் தமிழர் வாயில் நுழையாமல் 'அம்பட்டன் வாராவதி' என்று திரிந்ததாம். அதைக் கேட்ட ஆங்கிலேயர், நாவிதர் பாலம் போலும் என்று எண்ணித் தம் மொழியில் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று பெயர்த்துக்கொண்டனராம். நகர வரலாறு எழுதியோர் இதை நகைச்சுவையாகக் கூறுவர். நமக்கு நகை எழவில்லை. வாயில் நுழையாத ஓர் அயற்சொல்லை எத்தனையோ விதமாகத் திரித்திருக்கலாம். நம்மவர் நாவுக்கு எளிதாக வந்து விழுந்தது ஒரு தொழில் சாதியின் பெயர். அதுவும் இழிவுக் குறிப்போடு வழங்கிவந்த பெயர். மக்கள் வாய் என்பது வானத்திலிருந்து வந்ததன்று. சாதிச் சமுதாயத்தில் பழகிய வாய் அது. இன்று அந்தப் பாலத்தின் பெயர் அம்பேத்கர் பாலம். இங்கே பலகையே வாயைத் திருத்த முன்வந்தது. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆகவே, பழமையா புதுமையா, தமிழா ஆங்கிலமா, பலகையா வாயா என்ற கேள்விகளால் மட்டும் ஒரு பெயரை எடைபோட முடியாது. அந்தப் பெயரால் தலை நிமிர்வோர் யார்? தலை குனிவோர் யார்? இதுவே நாம் கேட்கவேண்டிய கேள்வி. கோட்டைக்கு வெளியே நம்மவர் வாழ்ந்த பகுதியை ஒரு காலத்தில் வெள்ளையர் கறுப்பர் நகரம் என்றனர். 1911-இல் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. இழிவுப் பெயர் போனது. ஆனால், அங்கே வாழ்ந்தவன் பெயர் ஏறவில்லை, கடல் கடந்து வாழ்ந்த அரசன் பெயர் ஏறிற்று. கறுப்பன் என்று ஏசப்பட்டவனை எவரும் கேட்கவில்லை.

விடுதலை பெற்ற பின் நாம் கேட்டோமா? 1997-ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். அக்காலத்தில் தமிழ்நாட்டில் மாவட்டங்களும் போக்குவரத்துக் கழகங்களும் தலைவர்கள் பெயரைத் தாங்கியிருந்தன. பேருந்தின் பக்கவாட்டில் அரசர் பெயர் இருந்தது. தலைவர் பெயர் இருந்தது. எவருக்கும் அதனால் பயணம் கசக்கவில்லை. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரால் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்தது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளையரை எதிர்த்து உயிர் கொடுத்த வீரர் அவர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். பிறந்தது வினை. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் சாதித் தடிப்பேறியோர். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில், எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்கள் அகற்றப்பட்டன. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆயிற்று. பெரியார் மாவட்டம் ஈரோடு ஆயிற்று. அண்ணா மாவட்டம் திண்டுக்கல் ஆயிற்று.

அமைதி வேண்டி எடுத்த முடிவு என்றனர். மூண்ட தீயை அணைக்க வேண்டிய பொறுப்பு ஆட்சிக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த முடிவு சொல்லாமல் சொன்னது என்ன? கடைசிப் படியில் நிறுத்தப்பட்டவனின் பெயர் பேருந்தில் ஏறுமானால், மற்ற எல்லாப் பெயர்களையும் இறக்கிவிட்டேனும் அவனை இறக்கிவிடுவோம் என்பதன்றோ? அன்று பெரியார் பெயரும் அண்ணா பெயரும் இறங்கியதற்கு நாம் வருந்தவில்லை. அவர்கள் பெயர் இல்லாத இடமில்லை. சுந்தரலிங்கம் என்ற பெயர் ஏறிய அதே ஆண்டில் இறங்கியதற்கே வருந்துகிறோம்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. மராட்டியத்தின் ஔரங்காபாத்தைப் பாருங்கள். அங்குள்ள மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978-இல் சட்டமன்றம் தீர்மானித்தது. உடனே அம்மண்டலத்தின் சிற்றூர்களில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. பெயர் சூட்டப்பட்ட நாள் 1994 ஜனவரி 14. ஒரு பேரறிஞரின் பெயர் ஒரு கல்விக்கூடத்தின் வாயிலைத் தாண்ட 16 ஆண்டுகள்! அதே நகரத்தின் பெயர் 2023-இல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று மாறிற்று. ஒரு முகலாயன் பெயரை நீக்கி ஒரு மராட்டிய மன்னன் பெயரை நிறுவ ஆட்சியே முன்னின்றது. அரியானாவில் குர்கான் 2016-இல் குருகிராம் ஆயிற்று. துரோணாச்சாரியார் பெயரோடு தொடர்புடைய ஊர் என்பது காரணம். துரோணர் யார்? வேடர் மகன் ஏகலைவன் தானே கற்ற வில்வித்தைக்குக் கட்டைவிரலைக் கூலியாகக் கேட்டவர் என்று பாரதமே கூறுகிறது. வானளாவிய மாளிகைகள் எழுந்த நகரத்துக்கு, விரலைக் கேட்டவன் நினைவு கிடைத்தது; விரலைக் கொடுத்தவன் நினைவு எவருக்கும் வரவில்லை. பள்ளியில் பணியாற்றும் நமக்கு இது தனியாகவே சுடுகிறது.

தமிழ்நாட்டில் நிலைமை முழுதும் இருள் என்று கூறமாட்டோம். 2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், சாலைகள், குடியிருப்புகளின் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. காலனி என்பது எங்கோ குடியேற்றம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். சிற்றூரில் அதற்கு ஒரே பொருள்: ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் வாழும் இடம். முகவரியில் அந்தச் சொல்லைப் படித்தவுடன் குவளை வேறாகிறது, குரல் வேறாகிறது. அந்தச் சொல் ஒழிவது நன்று; மிக நன்று.

ஆனால், சொல் ஒழிந்தபின் என்ன வரும்? இதற்குத்தான் நாம் மீண்டும் கண்ணகி நகருக்கு வரவேண்டியிருக்கிறது. அங்கே காலனி என்ற சொல் என்றுமே இல்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி, சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை அகற்றிக் கொண்டுபோய் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தினர். அதன் பின் செம்மஞ்சேரி. அதன் பின் பெரும்பாக்கம். ஒரு பகுதிக்கு எழில் நகர் என்றும் பெயர். பிழைப்பு நகரின் நடுவே. படுக்கை நகரின் ஓரத்தே. வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நெடுந்தொலைவு. 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிற்று. குடிசை என்ற சொல்லும் போயிற்று. ஆயினும், அக்குடியிருப்பின் பெயரைக் கேட்டதும் வேலை இல்லை என்று கைவிரித்த ஒரு நிறுவனத்தைப் பற்றி நம் மாணவனின் அண்ணன் நம்மிடம் கூறினான். முன்பு சாதியின் பெயரைச் சொல்லி ஒதுக்கினார்கள். இன்று காப்பியத் தலைவியின் பெயரைச் சொல்லி ஒதுக்குகிறார்கள். ஒதுக்குதல் ஒன்றே, உச்சரிப்புத்தான் வேறு.

வாழ வந்த ஊரில் நீதி மறுக்கப்பட்டவள் கண்ணகி. நீதி கேட்டு அரசவை ஏறியவள். அவள் பெயரை, நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களின் குடியிருப்புக்குச் சூட்டியவர்கள் எண்ணிச் சூட்டினார்களோ, எண்ணாமல் சூட்டினார்களோ! அந்தப் பெயர் அங்கே நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

2025 அக்டோபரில் அக்கேள்விக்கு ஒரு விடை வந்தது. அரசிடமிருந்தன்று, அந்தத் தெருவிலிருந்தே வந்தது. பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகாவை நாடே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று அழைத்தது. பலகை மாறவில்லை, ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால், அந்தச் சில நாட்கள் கண்ணகி நகர் என்ற சொல் வேறு ஒலி எழுப்பிற்று. நம் வகுப்பிலும் எழுப்பிற்று. மறுநாள் அந்தச் சிறுவன், "அவங்க எங்க ஏரியா, சார்" என்று கேட்காமலே சொன்னான். எனினும் மகிழ்ச்சியில் மயங்கிவிட வேண்டாம். தங்கம் வென்றால்தான் முகவரி எழுதலாம் என்ற நிலை, நிலையே அன்று. மயிலாப்பூர்ச் சிறுவன் எந்தப் பதக்கமும் வெல்லாமல் தன் முகவரியை எழுதுகிறான் அல்லவா?

எனவே, பெயர் மாற்ற முனைவோர் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, அங்கே வாழ்கிறவரைக் கேளுங்கள். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டனர். நோக்கம் நல்லது. ஆனால், வேலூரை வீலூர் என்று படிக்கும்படி எழுத்துகள் அமைந்தன. ஊராரைக் கேட்டிருந்தால் நொடியில் சிரித்துத் திருத்தியிருப்பார்கள். எதிர்ப்புக்கிடையே அந்த ஆணை அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கே இந்தக் கதி என்றால், பெயருக்குக் கேட்க வேண்டாமா? காலனி என்ற சொல்லை நீக்கியபின் வரும் புதிய பெயரை மாவட்டத் தலைநகரில் அமர்ந்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் தெருவில் கூடி முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, பெயரோடு பொருளையும் சொல்லுங்கள். பலகையில் பெயருக்குக் கீழே இரண்டு வரி போதும். சௌந்தரபாண்டியனார் யார், சுந்தரலிங்கம் யார் என்று வழிப்போக்கன் படிக்கட்டும். பள்ளிகளில் தத்தம் தெருப் பெயரின் வரலாற்றை மாணவர் எழுதட்டும். அந்தப் பொறுப்பை ஆசிரியர்களாகிய நாமே ஏற்போம்.

மூன்றாவது, பெயர் போகும் இடத்துக்குப் பேருந்தும் போகட்டும், குடிநீரும் போகட்டும், நல்ல பள்ளியும் வேலையும் போகட்டும். அவை போகாத இடத்துக்கு அழகிய பெயரை மட்டும் அனுப்பினால், பத்தாண்டுகளில் அந்த அழகிய பெயரே இழிசொல் ஆகிவிடும். கண்ணகி நகர் கற்பித்த பாடம் இதுவே.

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் பெற்றோம். தலைநகருக்குச் சென்னை என்று பெயர் பெற்றோம். இரண்டும் போராடிப் பெற்ற பேறுகள். அவற்றை எவர் பழித்தாலும் எதிர்த்து நிற்போம். ஆனால், தமிழ்நாட்டில், சென்னையில், ஒரு சிறுவன் தன் தெருப் பெயரை எழுதுகோலால் தொட அஞ்சுகிற வரையில் பெயர் மாற்றம் முடிந்துவிட்டது என்று எவரும் கருதவேண்டாம்.

அடுத்த வாரம் மீண்டும் கடிதப் பாடம் வருகிறது. வலப்பக்க மேல் மூலையில் அவன் என்ன எழுதப்போகிறான் என்று காத்திருக்கிறோம்.